கடைசியாகப் பிடித்த தேதி

2008 மார்ச் 25, செவ்வாய்க்கிழமை. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் எனக்கு அது மூன்றாவது வருஷம். சாயங்காலம் நாலு மணிக்கு மெர்ச்சண்டைசிங் அக்கா ஒருவர் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"ஏனுங்க, காலையில இருந்து பையர் மெயில் ஒண்ணுகூட வரலீங்களே. சர்வர் ஓடுதுங்களா?"

"ஈஸ்டருங்க்கா. அங்கெல்லாம் லீவு."

"அந்த லீவு நேத்தோட முடிஞ்சுதுங்க."

சரிதான். ஐரோப்பாவில் ஈஸ்டருக்குத் திங்கட்கிழமை வரைதான் விடுமுறை. செவ்வாய் காலையில் எல்லோரும் வேலைக்குத் திரும்பி, நாலு நாள் பாக்கியையும் சேர்த்து எழுதித் தள்ளுவார்கள். லாக் கோப்பைத் திறந்து பார்த்தேன். மெயில்கள் வந்துகொண்டுதான் இருந்தன. வந்த ஒவ்வொன்றையும் என் சர்வர் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. எல்லா வரியிலும் ஒரே காரணம்: அனுப்பியவரின் முகவரி ஓஆர்டிபி கறுப்புப் பட்டியலில் இருக்கிறதாம்.

ஓஆர்டிபி என்பது டென்மார்க்கில் தன்னார்வலர்கள் நடத்திவந்த பட்டியல். யார் எதைக் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் கடத்திவிடும் திறந்த மெயில் சர்வர்கள்தான் அந்தக் காலத்தில் ஸ்பாம்காரர்களின் ராஜபாட்டை. அந்த சர்வர்களின் முகவரிகளை இவர்கள் தொகுத்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மெயில் வரும்போதும் நம் சர்வர் டிஎன்எஸ் வழியாக "இந்த முகவரி உங்கள் பட்டியலில் உண்டா?" என்று கேட்கும். உண்டென்றால் 127.0.0.2 என்று பதில் வரும். இல்லையென்றால் அப்படி ஒரு பெயரே கிடையாது என்று வரும். 2006 டிசம்பர் 18-ஆம் தேதி அந்தப் பட்டியலை மூடிவிட்டார்கள். அறிவித்துவிட்டுத்தான் மூடினார்கள். ஆனாலும் உலகம் முழுக்க எத்தனையோ சர்வர்கள் பதினைந்து மாதம் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டே இருந்தன. கடைசியில் அந்தச் செவ்வாய்க்கிழமை, எந்த முகவரியைக் கேட்டாலும் "உண்டு" என்ற பதில் வர ஆரம்பித்தது. கேட்பதை நிறுத்தவைக்க வேறு வழி இருந்ததாக எனக்கும் தோன்றவில்லை.

மெயில் சர்வர் நிரலான போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. எனக்கு முன்னால் இருந்தவர் எங்கேயோ பார்த்து எழுதியது. மூன்று வருஷத்தில் அந்த வரியை நூறு தடவையாவது கடந்து போயிருப்பேன். முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டு முடக்கி, ரீலோட் கொடுக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பையர்களைச் சமாதானப்படுத்தத்தான் ஒரு வாரம் ஆனது. திரும்பிப் போன மெயிலில் "உங்கள் சர்வர் கறுப்புப் பட்டியலில் உள்ளது" என்று எழுதியிருந்ததை அவர்கள் ரசிக்கவில்லை. முதலாளி கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, ஆர்டர் குடுக்கறவங்களையே திருடன்னு சொல்லி நாம வாசல்லயே திருப்பி அனுப்பிச்சமா?"

இத்தனை வருஷமாக லினக்ஸ் சர்வர்களோடு குடித்தனம் நடத்துகிறேன். வெளியாள் புகுந்து செய்த சேதத்தைவிட, காவலுக்கு வைத்தவை பழசாகிப்போய்ச் செய்த சேதம்தான் என் கணக்கில் அதிகம்.

2010 ஜனவரி 1. புது வருஷம் வெள்ளிக்கிழமையில் பிறந்தது. அடுத்த சில நாள்களில் நல்ல நல்ல மெயில்கள் எல்லாம் ஸ்பாம் பெட்டியில் போய் விழுந்தன. ஸ்பாம் அசாசின் ஒவ்வொரு மெயிலுக்கும் மதிப்பெண் போடும் கருவி. ஐந்தைத் தொட்டால் ஸ்பாம். அதன் விதிகளில் ஒன்று, மெயிலின் தேதி ரொம்ப தூரத்து எதிர்காலத்தில் இருக்கிறதா என்று பார்க்கும். ஸ்பாம்காரர்கள் தங்கள் மெயில் பட்டியலின் உச்சியில் நிற்கவேண்டும் என்று தேதியை முன்தள்ளிப் போடுவார்கள், அதற்காக வைத்தது. எழுதியவருக்கு 2010 ரொம்ப தூரமாகத் தெரிந்திருக்கிறது. 2010 முதல் 2099 வரை எந்த ஆண்டைப் பார்த்தாலும் மூன்று மதிப்பெண்ணுக்கு மேல் கூட்டிவிடும்படி விதி. "அர்ஜென்ட்", "பெஸ்ட் பிரைஸ்", "பேமென்ட்" என்ற சொற்கள் இல்லாமல் திருப்பூருக்கு மெயிலே வராது. மீதி ஒன்றரை மதிப்பெண் தானாகச் சேர்ந்துகொண்டது.

வளர்ச்சிப் பதிப்பில் இதை ஏற்கெனவே திருத்தியிருந்தார்கள். அந்தத் திருத்தம் மக்கள் கையில் இருந்த பதிப்புக்கு வந்து சேரவில்லை. புத்தாண்டு அன்றே விதிக்கோப்பில் சரிசெய்து வெளியிட்டார்கள். விதிகளைப் புதுப்பிக்கும் எஸ்ஏ-அப்டேட் கட்டளையைக் குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி க்ரானில் போட்டிருந்தவர்களுக்கு அது தானாகப் போய்ச் சேர்ந்தது. என் க்ரானில் அது இல்லை. முதலில் செய்த திருத்தத்தையும் பார்த்தேன்: 2010 என்று தொடங்கிய இடத்தில் 2020 என்று போட்டிருந்தார்கள். நம் ஊரில் மட்டும்தான் வேலையைப் பத்து வருஷம் தள்ளிப்போடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

அதே ஆண்டு ஏப்ரல் 15. சித்திரை ஒன்றாம் தேதிக்கு மறுநாள். அந்த வருஷங்களில் அரசுக் கணக்கில் புத்தாண்டு தையில், எங்கள் வீட்டுக் கணக்கில் சித்திரையில்தான். வடை பாயாசம் சாப்பிட்ட மயக்கம் தெளியாமல் வந்து உட்கார்ந்தால், மெயில் வரிசையில் நானூற்றுச் சொச்சம் தேங்கிக் கிடக்கிறது. வைரஸ் பார்க்கும் கிளாம்ஏவி செத்துப்போயிருந்தது. எழுப்பினால் எழுந்திருக்கவில்லை.

கிளாம்ஏவியின் நிரல் வேறு, அது பார்க்கும் வைரஸ் அடையாளக் கோப்புகள் வேறு. அடையாளங்களை ஃப்ரெஷ்கிளாம் என்ற துணை நிரல் நாளுக்குப் பல தடவை இறக்கிக்கொள்ளும். நிரல் தானாக மாறாது. 0.95-க்கு முந்தைய பதிப்புகளில் ஒரு குறை இருந்தது: 980 பைட்டைத் தாண்டிய அடையாளத்தை அவற்றால் ஜீரணிக்க முடியாது. அந்தப் பழைய பதிப்புகளுக்காகப் புதிய அடையாளங்களைச் சுருக்கிக்கொண்டே இருக்க முடியாது என்று முடிவெடுத்து, ஆறு மாதம் முன்பே அறிவித்து, சொன்ன தேதியில் ஒரு விசேஷ அடையாளத்தை வெளியிட்டார்கள். அதை இறக்கிக்கொண்ட பழைய கிளாம்ஏவி எல்லாம் வேலையை நிறுத்திக்கொண்டன. என்னுடையது டெபியன் லினக்ஸின் லென்னி வெளியீட்டோடு வந்த 0.94.

தெரியாது என்று நான் சொல்ல முடியாது. ஃப்ரெஷ்கிளாம் தினமும் லாக்கில் எழுதியிருக்கிறது: உங்கள் கிளாம்ஏவி காலாவதியாகிவிட்டது, உள்ள பதிப்பு இது, வேண்டிய பதிப்பு இது என்று. அதற்கு அடுத்த வரியில் "கலவரப்படாதீர்கள்" என்ற பொருளில் பெரிய எழுத்தில் ஒரு ஆறுதல். சொன்ன சொல்லைத் தட்டாமல் மாதக்கணக்கில் நான் கலவரப்படாமலேயே இருந்தேன்.

என் பக்கத்திலும் ஒரு நியாயம் இருப்பதாக நினைத்திருந்தேன். டெபியனின் ஸ்டேபிள் வெளியீட்டை மக்கள் நம்புவதே, அதில் எதுவும் மாறாது என்பதால்தான். பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும், பதிப்பு எண் நகராது. ஆனால் வைரஸ் பார்க்கிற கருவியை அப்படி உறையவைக்க முடியாது என்பது டெபியன்காரர்களுக்கே தெரியும். அதற்காக வோலட்டைல் என்று ஒரு தனிக் களஞ்சியமே வைத்திருந்தார்கள். 0.95 அதில் தயாராக இருந்தது. என் சோர்ஸ் பட்டியலில் அந்தக் களஞ்சியத்தின் வரி இல்லை. முதல் தடவை இருக்கக் கூடாத வரி இருந்தது, இந்தத் தடவை இருக்க வேண்டிய வரி இல்லை. 2011-இல் ஸ்க்வீஸ் என்ற அடுத்த வெளியீடு வந்தபோது இந்த ஏற்பாட்டை டெபியன் தன் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது.

2010-இன் அந்த ஏப்ரலில்தான் கம்பெனியில் பையர் தரப்பு ஆடிட் நடந்தது. திருப்பூரில் ஏற்றுமதி செய்கிற எல்லோருக்கும் இது பழக்கம். கழிப்பறை எண்ணிக்கை, அவசர வழி, ஊசி உடைந்தால் எழுதும் பதிவேடு, எல்லாம் பார்ப்பார்கள். கம்ப்ளையன்ஸ் அக்கா ஆடிட்டுக்கு முந்தின நாள் தளம் தளமாகப் போய் ஒவ்வொரு தீயணைப்பு சிலிண்டரின் கழுத்திலும் தொங்கும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிரப்பிய தேதி, அடுத்து நிரப்ப வேண்டிய தேதி, சோதித்தவர் கையெழுத்து. "சிலிண்டர் இருக்குதான்னு யாரும் கேக்க மாட்டாங்க, அட்டையைத்தான் கேப்பாங்க" என்றார்.

அவரிடம் ஒரு காலி அட்டை வாங்கிக்கொண்டேன். சர்வர் அலமாரிக் கதவில் நூல் போட்டுக் கட்டினேன். காவல் கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. அப்டேட் செய்த தேதியை எழுதுவதாகத்தான் முதலில் எண்ணம். எழுத உட்கார்ந்தபோது அது போதாது என்று பட்டது. ஓஆர்டிபி வரி பதினைந்து மாதம் பிழையே காட்டாமல்தான் ஓடியது, ஒரு ஸ்பாமைக்கூடப் பிடிக்காமல். எனவே அட்டையில் "கடைசியாகப் பிடித்த தேதி" என்று தலைப்புப் போட்டேன்.

பிடிக்கவைப்பதற்குச் சாமான் இருக்கிறது. ஐகார் என்று 68 எழுத்து கொண்ட ஒரு சோதனைச் சரம். ஒரு தீங்கும் செய்யாது. வைரஸ் என்று பாவித்துப் பிடிக்க வேண்டும் என்று எல்லா ஆன்ட்டிவைரஸ்காரர்களும் ஒப்புக்கொண்ட சரம். ஸ்பாமுக்கு ஜிடியூப் என்று இதே மாதிரி ஒன்று உண்டு. ஸ்பாம் அசாசின் அதற்கு ஆயிரம் மதிப்பெண் போடும். மாதம் பிறந்தால் முதல் தேதி வெளியிலிருந்து இரண்டையும் எனக்கே அனுப்பிக்கொள்வேன். வந்து சேரக் கூடாது. சேரவில்லை என்றால் அட்டையில் தேதி. புதிதாக வந்த பையன் ஒருவன், "அண்ணா, நமக்கு நாமே வைரஸ் அனுப்பறமே, யாராச்சும் பாத்தா என்ன நினைப்பாங்க?" என்றான். அவனிடமே அந்த வேலையை ஒப்படைத்தேன்.

2014 எனக்கு ரூட்கிட் தேடும் கருவிகளின் மேலிருந்த பக்தியைக் குறைத்த வருஷம். செக்ரூட்கிட் என்ற கருவி, சர்வரில் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று, எதையும் செய்யக்கூடிய ரூட் அதிகாரத்தோடு தேடும். டிஎம்பி என்பது சர்வரில் யார் வேண்டுமானாலும் கோப்பு வைக்கக்கூடிய பொது அடைவு, சந்தைத் திடல் மாதிரி. அங்கே "அப்டேட்" என்ற பெயரில் ஒரு நிரலை வைத்துவிட்டால், ராத்திரி தேட வரும் செக்ரூட்கிட் அதை ரூட் அதிகாரத்தோடு ஓட்டிக் கொடுத்துவிடும். நிரலின் ஒரு வரியில் மேற்கோள் குறி விடுபட்டிருந்தது, அவ்வளவுதான். 0.49 வரைக்கும் இந்த ஓட்டை, 0.50-இல் அடைத்தார்கள். தினமும் ராத்திரி அதை க்ரானில் ஓட்டிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை. ஏப்ரல் 7 அன்று வெளியானது. எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்க, இணைப்புகளை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஒரு வசதி உண்டு: நான் ஒரு சொல்லை அனுப்புகிறேன், நீ அதையே திருப்பி அனுப்பு. ஒரு எழுத்தை அனுப்பிவிட்டு "64 கிலோபைட் அனுப்பியிருக்கிறேன்" என்று பொய் சொன்னால், சர்வர் அளந்து பார்க்காமல் தன் நினைவகத்திலிருந்து அள்ளி 64 கிலோபைட்டை நிரப்பிக் கொடுத்துவிடும். அதில் பாஸ்வேர்ட் இருக்கலாம், சான்றிதழின் ரகசியச் சாவியே இருக்கலாம். மறுநாள் 8-ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் முழுக்குப் போட்டது. மெர்ச்சண்டைசர்களின் மேஜை எல்லாம் எக்ஸ்பி. நான் அந்தக் கவலையில் இருந்தபடியே சர்வரில் ஆப்ட் கட்டளையை ஓட்டி, புதிய ஓப்பன்எஸ்எஸ்எல் இறங்கியதைப் பார்த்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

புதன்கிழமை சோதித்தால் ஒழுகிக்கொண்டிருக்கிறது. வட்டில் புதிய நூலகக் கோப்பு வந்துவிட்டது; ஆனால் மெயில் பெட்டிகளைத் திறந்துகாட்டும் டவ்காட் நிரல் ஒன்றரை மாதம் முன்பு தொடங்கியபோது நினைவகத்தில் ஏற்றிக்கொண்ட பழைய நூலகத்தை வைத்தே ஓடுகிறது. அதை நிறுத்தி மறுபடி தொடங்கும்வரை அதற்குப் புதுசு தெரியாது. பேட்ச் போட்டாயிற்று என்று நான் முதலாளியிடம் சொல்லியிருந்தது பொய்யாகிவிட்டது. சான்றிதழ் சாவிகளை மாற்றி, எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லி, ஒரு வாரம் திட்டு வாங்கினேன்.

எந்த நிரல் பழைய நூலகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று காட்டிக்கொடுக்க நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி உண்டு. அதன் பிறகு நான் பார்க்கிற எல்லா சர்வரிலும் அதை வைத்தேன். பத்து வருஷம் சந்தோஷமாக இருந்தேன். 2024 நவம்பரில் குவாலிஸ் நிறுவனத்தார் அதிலேயே ஓட்டை கண்டுபிடித்தார்கள். சாதாரணப் பயனர் ஒருவர் பைத்தானில் ஒரு நிரலை ஓடவிட்டுவிட்டுக் காத்திருந்தால் போதும். நீட்ரீஸ்டார்ட் அதைப் பரிசோதிக்க வரும்போது அந்தப் பயனர் விரித்துவைத்த வழியிலேயே ரூட் அதிகாரத்தோடு நடந்துபோய்விடும். ஓட்டை நுழைந்தது 0.8 பதிப்பில். அது வெளியானது 2014 ஏப்ரல், ஹார்ட்பிளீட் வந்த அதே மாதம். அட்டையில் அதற்கும் ஒரு வரி சேர்ந்தது.

இவ்வளவும் அப்டேட் செய்யாததன் கதைகள். எல்லாவற்றையும் எப்போதும் புத்தம்புதிதாக வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்று வாதிப்பவர்களோடும் எனக்குத் தகராறு உண்டு.

பையர் ஒருவர் கேட்டுக்கொண்டபடி பாதுகாப்புச் சோதனைக்கு ஒரு நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். கருவியை ஓட்டினார், நாற்பது பக்க அறிக்கை கொடுத்தார். பாதிக்கு மேல் சிவப்பு. "உங்கள் ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்பு பழசு, இதில் ஹார்ட்பிளீட் இருக்கிறது" என்றது ஒரு வரி. அவர் கருவி பார்த்தது பதிப்பு எண்ணை மட்டும். ஓப்பன்எஸ்எஸ்எல்காரர்கள் ஹார்ட்பிளீடை அடைத்தது 1.0.1ஜி பதிப்பில். டெபியனின் வீஸி வெளியீடோ 1.0.1இ-யிலேயே நின்றுகொண்டு, அந்த ஒரு திருத்தத்தை மட்டும் பின்னோக்கி எடுத்துவந்து தைத்து, எண்ணின் வாலில் "டெப்7யு5" என்று ஒட்டியிருந்தது. வால்தான் விஷயம். வாலைக் கருவி படிக்காது.

"பதிப்பு எண்ணை மாத்தாம ரிப்போர்ட்ல பச்சை வராதுங்க சார்" என்றார் அவர். பாவம், அவர் வேலை அப்படி. டெபியனின் பாதுகாப்பு அறிவிப்புகளை அச்சடித்து, ஒவ்வொரு சிவப்பு வரிக்கும் எதிரே ஒட்டிக் கொடுத்தேன். பதினோரு பக்கம் வந்தது. இதே சண்டை இன்றைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிறது, ஆள் மட்டும் வேறு. பச்சைக்காக யாராவது மூலத்திலிருந்து நேரே புதுப் பதிப்பைக் கட்டி நிறுவினால், அன்றோடு டெபியனின் திருத்தங்கள் அந்தக் கோப்புக்கு வருவது நின்றுபோகும். பிறகு அதற்குக் காவலே அவர்தான்.

2024 மார்ச் 29, புனித வெள்ளி. ஈஸ்டருக்கும் எனக்கும் ஜாதகப் பொருத்தம் இல்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் உருவாக்குநர்களில் ஒருவரான ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், தன் டெபியன் அன்ஸ்டேபிள் இயந்திரத்தில் எஸ்எஸ்எச் நுழைவு அரை வினாடி தாமதமாவது ஏன் என்று நோண்டப்போய், எக்ஸ்இசெட் என்ற கோப்புச் சுருக்கும் நூலகத்தில் யாரோ திட்டமிட்டு வைத்த பின்வாசலைக் கண்டுபிடித்தார். ஜியா டான் என்ற பெயரில் இரண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாக உதவி செய்து, பொறுப்பாளர் இடத்துக்கே வந்துவிட்ட ஆள் செய்த வேலை. 5.6.0, 5.6.1 என்ற புத்தம்புதுப் பதிப்புகளில்தான் அது இருந்தது. டெபியன் ஸ்டேபிளுக்கு அவை வரவே இல்லை. பழசில் நின்றவர்கள் தப்பித்தார்கள். அன்று ராத்திரி பதினெட்டு சர்வரில் பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டுத் தூங்கினேன்.

எதை உறையவைப்பது, எதை ஓடவிடுவது என்பதில்தான் இந்தத் தொழிலின் பாதிக் கஷ்டம் இருக்கிறது. சேவை தருகிற நிரல்களை ஸ்டேபிளின் வேகத்தில் விடுகிறேன்; திருத்தம் வந்தால் அன்றைக்கே தானாக ஏறும்படி அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் வைத்திருக்கிறேன். வைரஸ் அடையாளம், ஸ்பாம் விதி, கறுப்புப் பட்டியல் இதெல்லாம் பால் மாதிரி, காலையில் வாங்கியது சாயங்காலத்துக்கு ஆகாது.

தானாக நடப்பதையும் நம்பிவிட முடியாது என்பதற்கு 2023-இன் ஒரு சம்பவம். கம்பெனிக்குப் புதுப் பெட்டி வாங்கி டெபியன் 12 புத்தம்புதிதாக நிறுவினேன். பாஸ்வேர்டைத் தவறாகப் போட்டுக்கொண்டே இருக்கும் முகவரிகளைப் பார்த்துத் தடுக்கும் ஃபெயில்டுபேன் வழக்கம்போல நிறுவினேன். அது வேலை செய்வது லாக் கோப்பைப் படித்து. டெபியன் 12-இல், லாக்கைக் கோப்பாக எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை. லாக் எல்லாம் சிஸ்டம்டியின் ஜர்னலுக்குப் போகிறது. படிக்க வேண்டிய ஆத் லாக் கோப்பே கிடையாது. கோப்பைக் காணோம் என்று ஃபெயில்டுபேன் தொடங்கும்போதே விழுந்துவிட்டது. நான் நிறுவியதைப் பார்த்தேன், ஓடியதைப் பார்க்கவில்லை.

மாதம் முதல் தேதி. பையன் தன் செல்போன் டேட்டாவிலிருந்து மெயில் பெட்டிக்குத் தவறான பாஸ்வேர்டு போட உட்கார்ந்தான். ஐந்தாவது தடவையோடு கதவு சாத்த வேண்டும்.

"அண்ணா, பத்தொம்பது தடவை போட்டுட்டேன். இன்னும் கேட்டுட்டே இருக்குது."

அமைப்புக் கோப்பில் ஜர்னலைப் படி என்று ஒரு வரி போட்டதும் எழுந்துகொண்டது. அட்டையில் அந்த வரிக்கு எதிரே அவன் "பத்தொன்பது நாள் காவல் இல்லை" என்று எழுதிவைத்தான். நான் அதை அடித்துவிடச் சொல்லவில்லை.

போன வருஷம் பையர் ஆடிட்டுக்கு வந்த அம்மையார் ஒருவர் சர்வர் அறைக்குள்ளும் எட்டிப் பார்த்தார். பொதுவாக யாரும் அங்கே வரமாட்டார்கள். அலமாரிக் கதவில் தொங்கிய அட்டையைக் கையில் எடுத்தார், அது ஏழாவது அட்டை. மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். கம்ப்ளையன்ஸ் அக்காவும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

அம்மையார் அட்டையை விட்டுவிட்டு, நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். இந்த அறைக்கான தீயணைப்பு சிலிண்டர் எங்கே என்று கேட்டார்.